காலியாக ஒரு ஊர் எப்போதும் வேண்டும்

2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை இரவு. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் இருக்கும் கொலிசியம் மைதானத்துக்கு 27,759 பேர் வந்திருந்தார்கள். சொந்த அணியான அத்லெடிக்ஸ் அந்த ஆண்டு மேஜர் லீக் பேஸ்பாலின் கடைசி இடத்தில் கிடந்தது. மற்ற நாட்களில் அந்தப் பிரம்மாண்டமான கான்கிரீட் கிண்ணத்தில் சில ஆயிரம் பேர் ஆங்காங்கே சிதறி உட்கார்ந்திருப்பார்கள். அன்று வந்தவர்களில் பெரும்பாலானோர் பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள். சட்டையில் ஒரே ஒரு சொல்: 'விற்றுவிடு'. அது உரிமையாளர் ஜான் ஃபிஷருக்குச் சொன்னது. மைதானத்துக்குப் போகாமல் இருப்பதுதான் புறக்கணிப்பு என்றால், திரண்டு போய் உட்கார்வது தலைகீழ்ப் புறக்கணிப்பு. ரசிகர்களே அதற்கு வைத்த பெயர் அது. எங்களை வராத ஜனங்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், இதோ வந்திருக்கிறோம், பாருங்கள் என்பது செய்தி. அந்த நேரத்தில் லீகிலேயே முன்னணியில் இருந்த டம்பா பே அணியை அத்லெடிக்ஸ் 2-1 என்று வென்றும் விட்டது. ஆனால் முடிவு வேறோர் ஊரில் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதே நாளில் நெவாடா மாநில செனட், லாஸ் வேகாஸில் இந்த அணிக்கு ஸ்டேடியம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. மறுநாள் கீழவை. அதற்கும் மறுநாள் கவர்னரின் கையெழுத்து.

57 பருவங்கள் ஓக்லாந்தில் ஆடிய அணி 2024 செப்டம்பர் 26-ஆம் தேதி தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தை ஆடிவிட்டுப் புறப்பட்டது. ஏன் போனது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. மைதானம் பழசு. ரசிகர்கள் வருவதில்லை. நகராட்சிக்குச் சாமர்த்தியம் போதாது. மூன்றிலும் உண்மை இருக்கிறது, அவற்றுக்கு வருவோம். ஆனால் மூன்றையும் கூட்டினாலும் நடந்தது விளங்காது. அத்லெடிக்ஸ் இடம் மாறியதை ஒரு ஊரின் தோல்வியாகப் பார்ப்பது, தண்ணீர் வராத வீட்டின் குழாயை மட்டும் திருகித் திருகிப் பார்ப்பது போல. அடைப்பு மேலே தொட்டியில் இருக்கிறது. பேஸ்பால் லீகின் உண்மையான சொத்து அதன் 30 அணிகளைவிட, அணி கிடைக்காமல் காத்திருக்கும் ஊர்கள்தான். காலியாக ஒரு ஊர் இருக்கும்வரை அணி இருக்கிற ஒவ்வொரு ஊரையும் மிரட்டிப் பணம் வாங்கலாம். மிரட்டல் பலிக்க வேண்டுமானால், என்றாவது ஒரு நாள் நிஜமாகவே மூட்டை கட்டவும் வேண்டும். அப்படி மூட்டை கட்டிய ஊர்தான் ஓக்லாந்து.

நமக்குப் பழக்கமான கால்பந்து உலகத்தில் கீழ்ப் பிரிவில் ஜெயித்தால் மேலே ஏறலாம், மேலே தோற்றால் கீழே இறங்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 30 உரிமையாளர்கள் கொண்ட மூடிய சங்கம் அது. 112 ஆட்டங்களில் தோற்று 50-ல் மட்டும் ஜெயித்தாலும் (2023-ல் அத்லெடிக்ஸின் கணக்கு இதுதான்) அடுத்த ஆண்டும் அதே மேசையில் அதே நாற்காலி உண்டு. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பிரதேசம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஜமீன் எல்லைக்கல் மாதிரி. அடுத்தவர் எல்லைக்குள் கடை விரிக்க முடியாது. புதிய அணி வர வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டு விட வேண்டும். கடைசியாக அப்படி விட்டது 1998-ல். அப்போது அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 27 கோடி. இன்று சுமார் 34 கோடி. அணிகள் அதே 30. வேறெந்தத் தொழிலிலாவது வாடிக்கையாளர் கூட்டம் இவ்வளவு பெருகியும் கடைகளின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக அசையாமல் இருந்தால், அரசாங்கம் வந்து ஏன் என்று கேட்கும்.

பேஸ்பாலை மட்டும் கேட்காது. காரணம் 1922-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு. ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு தோன்றி, நசுக்கப்பட்டு, அதிலிருந்த பால்டிமோர் அணி வழக்குப் போட்டது. ஏகபோகத்தைத் தடுக்கும் 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்குத்தான் பொருந்தும். பேஸ்பால் ஆட்டம் என்பது அந்தந்த ஊரில் நடக்கும் உள்ளூர்க் காட்சி, வீரர்கள் ரயிலேறி மாநில எல்லையைத் தாண்டுவது தற்செயல், ஆகவே அந்தச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எழுதினார். 1953-லும் 1972-லும் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்ப வந்தது. 1972-ல் நீதிமன்றமே இது ஒரு பிறழ்வு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நீண்ட காலமாக இருந்துவரும் பிறழ்வு என்பதால், திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கையைக் கழுவிக்கொண்டது. நாடாளுமன்றம் 1998-ல் வீரர்களின் வேலை உரிமை சம்பந்தப்பட்டவரை இந்த விலக்கை நீக்கிற்று. அணிகள் இடம் மாறும் விஷயத்தைத் தொடவில்லை. ஆக, யார் எந்த ஊரில் ஆடலாம் என்பதை 30 முதலாளிகள் கூடிப் பேசித் தீர்மானிப்பது, வேறெந்தத் தொழிலில் செய்தாலும் நீதிமன்றப் படியேற வேண்டிய காரியம், இங்கே விதிமுறை.

இந்த ஏற்பாட்டில் காலி ஊரின் மதிப்பு என்ன என்பதற்கு 1988-ஆம் ஆண்டின் சிகாகோவைப் பார்க்கலாம். ஒயிட் சாக்ஸ் அணி புது மைதானம் கேட்டது. கிடைக்காவிட்டால் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய்விடுவோம் என்றது. அந்த ஊர், அணி ஏதும் கையில் இல்லாமலே, வந்தால் வரட்டும் என்று கூரை போட்ட ஸ்டேடியம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. இல்லினாய் சட்டமன்றத்துக்குக் கெடு ஜூன் 30 நள்ளிரவு. ஓட்டு போதவில்லை. அவையின் கடிகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, கவர்னர் உறுப்பினர்களைத் தேடித் தேடிப் பிடித்துப் பேச, நள்ளிரவுக்குப் பிறகு மசோதாவை நிறைவேற்றினார்கள். காலண்டரில் ஜூலை பிறந்துவிட்டது, அவைக் குறிப்பில் இன்னும் ஜூன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்டேடியம் 1990-ல் திறந்தது. பிறகு சியாட்டில் அணி, சான் பிரான்சிஸ்கோ அணி என்று ஒவ்வொருவரும் அந்த ஊரைக் காட்டித் தங்கள் ஊரை நெருக்கினார்கள். 1992-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸை அங்கே கொண்டுபோக விற்பனையே பேசி முடிந்திருந்தது. உரிமையாளர்கள் சங்கம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒருவழியாக அந்த ஊருக்கு அணி கிடைத்தது 1998-ல். அணியில்லாமல் அந்த ஸ்டேடியம் லீகுக்கு ஆற்றிய சேவை, அணி வந்தபிறகு ஆற்றியதைவிடப் பெரிது என்றே சொல்லத் தோன்றுகிறது.

வாஷிங்டனின் கதை இதைவிட வெளிப்படையானது. நாட்டின் தலைநகரம், பணக்காரப் பெருநகரம், 1971-க்குப் பிறகு 33 ஆண்டுகள் பேஸ்பால் அணி இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது. மான்ட்ரியால் எக்ஸ்போஸ் நொடித்தபோது 2002-ல் லீகே அந்த அணியை 12 கோடி டாலருக்கு வாங்கியது. போட்டியை நடத்துகிறவரே போட்டியாளரின் முதலாளி. எந்த ஊர் மைதானம் கட்டித் தரும் என்று ஏலம் போல விசாரித்து, வாஷிங்டன் நகராட்சி முழுச் செலவையும் ஏற்கச் சம்மதித்ததும் 2005-ல் அணியை அங்கே அனுப்பியது. மறு ஆண்டு அதே அணியை 45 கோடி டாலருக்கு விற்றது. இடையில் அணி ஒன்றும் சிறப்பாக ஆடிவிடவில்லை. விலை ஏறியது காலியாக இருந்த ஓர் ஊர் நிரம்பியதால். அதை நிரப்பும் மைதானத்தின் செலவு நகர மக்களுடையது.

இனி ஓக்லாந்துக்கு வருவோம். அத்லெடிக்ஸ் பிறந்த ஊர் அதுவல்ல. 1901-ல் பிலடெல்பியாவில் தொடங்கி, கானி மேக் என்ற ஒரே மேலாளரின் கீழ் 50 பருவங்கள் ஆடி, 1955-ல் கான்சஸ் சிட்டிக்கும் 1968-ல் ஓக்லாந்துக்கும் வந்த அணி. வந்த வேகத்தில் 1972, 1973, 1974 என்று மூன்று உலகத் தொடர்களை வரிசையாக வென்றது. 1980-ல் ஜீன்ஸ் துணிக்குப் பேர்போன லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் ஹாஸ் குடும்பம் 1.27 கோடி டாலருக்கு வாங்கியது. 1989-ல் நான்காவது கோப்பை. 1990-ல் உள்ளூர் ஆட்டங்களுக்கு 29 லட்சம் பேர் வந்தார்கள். 1991-ல் லீகிலேயே அதிகச் சம்பளப் பட்டியல் அத்லெடிக்ஸுடையது. இதே கொலிசியம், இதே ஓக்லாந்து, வளைகுடாவின் எதிர்க்கரையில் இதே ஜயண்ட்ஸ். ஊர் சின்னது, சந்தை போதாது என்று பின்னாளில் சொன்னவர்கள் இந்த எண்களைச் சொல்வதில்லை.

அந்த ஹாஸ் காலத்தில்தான் பின்னால் கழுத்தைச் சுற்றப்போகும் கயிறும் திரிக்கப்பட்டது. ஜயண்ட்ஸ் தெற்கே சான் ஹோசேவுக்கு இடம் மாற நினைத்தபோது, சான்டா கிளாரா மாவட்டப் பிரதேச உரிமையைப் பைசா வாங்காமல் விட்டுக்கொடுத்தார் வால்டர் ஹாஸ். பக்கத்துக்காரருக்கு உதவி. அங்கே வாக்காளர்கள் மைதான வரியை நிராகரித்துவிட்டதால் ஜயண்ட்ஸ் போகவில்லை. ஆனால் உரிமை திரும்பி வரவும் இல்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பணம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் மாவட்டம் அது. பிற்பாடு அத்லெடிக்ஸே அங்கே போக விரும்பியது. சான் ஹோசே நகராட்சி வா வா என்றது. ஜயண்ட்ஸ் முடியாது என்றது. நகராட்சி 2013-ல் லீக் மீது வழக்குப் போட, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1922-ஆம் ஆண்டின் விலக்கைக் காட்டி 2015-ல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே மறுத்தது. 40 மைல் தள்ளி, ரசிகர்கள் அப்படியே கூட வரக்கூடிய தூரத்தில் இருந்த ஊர் தடுக்கப்பட்டது. இன்னொரு மாநிலத்தின் பாலைவனத்துக்குப் போக 2023 நவம்பரில் 30 உரிமையாளர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் கை தூக்கினார்கள். இதற்குப் பெயர் சந்தையின் தீர்ப்பு என்றால், அந்தச் சந்தைக்கு வாசலும் காவல்காரனும் உண்டு.

ரசிகர்கள் வரவில்லையே என்பது பலமான ஆட்சேபம். 2022-ல் பருவம் முழுவதுக்கும் எட்டு லட்சம் பேர்கூட வரவில்லை. உண்மை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். 2018, 2019, 2020 மூன்று ஆண்டும் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. 2021 பருவம் முடிந்ததும் மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று ஒருவர் பின் ஒருவராக மற்ற அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். 2022 டிசம்பரில் ஷான் மர்ஃபியும் போனார். சம்பளப் பட்டியல் லீகின் அடிமட்டத்துக்கு இறங்கியது. அதோடு, போய்விடுவோம் என்று நிர்வாகமே 2021 மே மாதத்திலிருந்து வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சரக்கை எடுத்துவிட்டு, கடையை மூடப்போகிறோம் என்று போர்டும் மாட்டிவிட்டு, கூட்டம் இல்லை என்று கல்லாவில் உட்கார்ந்து வருத்தப்படுவது வியாபாரம் அல்ல. 'ஓக்லாந்தில் வேர் விட்டவர்கள்' என்பது அந்த ஆண்டுகளில் அணியே பயன்படுத்திய விளம்பர வாசகம். வேரைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களிடம் கோடாரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மைதானம் பழசு என்பதையும் மறுக்க முடியாது. 1966-ல் திறந்தது. 2013-ல் சாக்கடை எதிர்த்து வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் வந்தது. 2023-ல் விருந்தினர் அணியின் வர்ணனைப் பெட்டிக்குள் பாஸம் என்னும் பைப்பாலூட்டி ஒன்று குடியேறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆனால் அந்த இடம் சீரழிந்த வரலாறே என் வாதத்துக்குச் சாட்சி. 1982-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓடிப்போன ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை 1995-ல் திரும்ப அழைத்துவர, ஓக்லாந்து நகராட்சியும் மாவட்டமும் சுமார் 20 கோடி டாலர் கடன் வாங்கி கொலிசியத்தில் ஒரு பிரம்மாண்ட அடுக்கு இருக்கைக் கட்டடத்தை எழுப்பின. அதுவரை பேஸ்பால் பார்க்கிறவர்களுக்குத் தொலைவில் குன்றுகள் தெரியும். அதன்பின் சுவர்தான் தெரிந்தது. ரெய்டர்ஸ் உரிமையாளரின் பெயரைச் சேர்த்து 'டேவிஸ் மலை' என்று ஜனங்கள் அதைக் கேலி செய்தார்கள். ரெய்டர்ஸ் 2020-ல் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பியது. கடன் ஓக்லாந்திலேயே தங்கியது. இப்படி ஒருமுறை சூடுபட்ட ஊர் அடுத்த அணிக்குக் கஜானாவைத் திறக்கத் தயங்கியதைச் சாமர்த்தியக் குறைவு என்று சொல்வது நியாயமா?

முழுக்கக் கையை விரித்துவிடவும் இல்லை அந்த நகரம். துறைமுகப் பகுதியில் ஹோவர்ட் டெர்மினல் என்ற 55 ஏக்கர் இடத்தில் 35,000 இருக்கை மைதானத்தோடு வீடுகள், அலுவலகங்கள், ஹோட்டல் எல்லாம் சேர்ந்த 1,200 கோடி டாலர் திட்டம் ஒன்றை அத்லெடிக்ஸ் முன்வைத்தது. மைதானத்துக்காக மட்டும் என்றால் அவ்வளவு பெரிய ரியல் எஸ்டேட் எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனாலும் 2022-ல் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு நகரசபை ஒப்புதல் தந்தது. வளைகுடாப் பாதுகாப்பு, மேம்பாட்டு ஆணையமும் தடையை விலக்கியது. சாலை, பாலம் போன்ற அடிப்படை வசதிகளுக்கு மானியம் திரட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பேச்சுவார்த்தை மெதுவாகத்தான் போனது, மேயர்கள் மாறினார்கள், துறைமுகத் தொழில் செய்பவர்கள் எதிர்த்தார்கள். நகராட்சியின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில், லாஸ் வேகாஸில் நிலம் வாங்க உடன்பாடு முடிந்துவிட்டது என்று அணி அறிவித்தது. லீக் வைத்திருந்த ஒரு கெடுவும் நினைவில் வைக்கத்தக்கது: பணக்கார அணிகளிடமிருந்து எளிய அணிகளுக்குப் பகிரப்படும் வருமானத்தில் அத்லெடிக்ஸ் தொடர்ந்து பங்கு பெற வேண்டுமானால், 2024 ஜனவரி 15-க்குள் ஏதோ ஓர் ஊரில் மைதான ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். எந்த ஊர் என்பது முக்கியமல்ல, ஒப்பந்தம்தான் முக்கியம் என்று ஆனபிறகு நின்று பேரம் பேசும் ஊரைவிடச் சட்டென்று தலையாட்டும் ஊர்தான் ஜெயிக்கும்.

லாஸ் வேகாஸுக்கு இதில் என்ன லாபம்? வேலைவாய்ப்பு, சுற்றுலா, ஊரின் பெயர் என்று பட்டியல் போட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் நாலு கோடிப் பேர் வரும் ஊருக்கு இதற்குமேல் பெயர் தேவையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஸ்டேடியங்களுக்குப் பொதுப்பணம் கொடுத்தால் ஊர் பொருளாதாரம் வளராது என்பது, எதிலும் ஒத்துப்போகாத பொருளியலாளர்கள் ஏறக்குறைய ஒத்துப்போகும் அபூர்வமான விஷயம். 1997-ல் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ சிம்பலிஸ்டும் தொகுத்த ஆய்வு நூலிலிருந்து இன்றுவரை முடிவு மாறவில்லை. காரணம் சிக்கலானதல்ல. ஓர் உள்ளூர்க் குடும்பம் ஆட்டத்துக்குச் செலவழிக்கும் பணம், சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ போயிருக்க வேண்டிய பணம். ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த காசு அணி முதலாளியின் கல்லாவுக்கும், வேறெங்கோ வீடு வைத்திருக்கும் வீரர்களின் சம்பளத்துக்கும் போகிறது. வேகாஸ் அப்படியல்ல, அங்கே வெளியூர்க்காரர்கள்தானே செலவழிக்கிறார்கள் என்பது நல்ல எதிர்வாதம். ஆனால் வந்த வெளியூர்க்காரர் ஏற்கெனவே சூதாட்ட விடுதியிலோ கச்சேரியிலோ செலவழித்துக்கொண்டுதான் இருந்தார். பேஸ்பாலுக்காக மட்டுமே விமானம் ஏறி வருகிறவர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. நெவாடாவின் ஆசிரியர் சங்கம், பள்ளிக்கூடத்துக்கு இல்லாத பணம் ஸ்டேடியத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டு, இதைப் பொது வாக்கெடுப்புக்கு விட முயன்றது. மனுவின் வாசகம் சரியில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024-ல் நிறுத்திவிட்டது.

இடம் மாறுவதில் அணிக்கே என்ன ஆதாயம் என்பதுதான் யோசிக்க வேண்டிய புதிர். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 70 லட்சத்துக்கு மேல் ஜனம். லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. டிவி உரிமை பணம் காய்க்கும் இந்தத் தொழிலில் யாராவது பெரிய சந்தையை விட்டுச் சிறிய சந்தைக்குப் போவார்களா? திட்டமிட்டபடி 33,000 இருக்கையோடு கட்டினால் அது லீகின் மிகச் சிறிய மைதானங்களில் ஒன்று. இடமும் ஒன்பது ஏக்கர்தான். 1957-லிருந்து நின்ற டிராபிகானா ஹோட்டலை 2024 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்த நிலம். 150 கோடி டாலர் என்று தொடங்கிய செலவு மதிப்பீடு 200 கோடிக்கு ஏறிவிட்டது. பொதுப்பணமோ 38 கோடியில் நிற்கிறது. மிச்சத்துக்கு ஃபிஷர் குடும்பம்தான் பொறுப்பு. ஓர் அணியின் வரவு செலவாக மட்டும் பார்த்தால் இது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. லீகின் கண்ணால் பார்த்தால் தெரியும். இடம்பெயர்வுக் கட்டணம் என்று பல கோடி வசூலித்திருக்கலாம். அதைத் தள்ளுபடி செய்தது லீக். மற்ற 29 பேருக்கு இதில் கிடைப்பது பணம் அல்ல, ஓர் எடுத்துக்காட்டு. இழுத்தடித்தால் நாங்கள் உண்மையாகவே போய்விடுவோம் என்பதை 2005-க்குப் பிறகு யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. மிரட்டலும் நாணயம் போலத்தான். அவ்வப்போது தட்டிக் காட்டாவிட்டால் செல்லாது.

சொத்து அவருடையது, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோவார், உங்களுக்கென்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கேப் துணிக்கடைகளை நிறுவிய தம்பதியின் மகன் ஃபிஷர். 2005-ல் கூட்டாளி லூ வுல்ஃபோடு சேர்ந்து 18 கோடி டாலருக்கு வாங்கிய அணி, இன்று 100 கோடிக்கு மேல் மதிப்பிடப்படுகிறது. துணிக்கடையை அவர் எந்த ஊருக்கு மாற்றினாலும் யாரும் கேட்க முடியாது, சரி. ஆனால் துணிக்கடை போன இடத்தில் மறுநாள் இன்னொருவர் துணிக்கடை போடலாம். ஓக்லாந்தில் இன்னொருவர் மேஜர் லீக் அணி தொடங்க முடியாது. சொந்தச் சொத்து என்று சொல்லிக்கொண்டே போட்டிக்குச் சட்டப்பூர்வமான பூட்டும் போட்டு வைத்திருந்தால், அது பாதி சொத்து, பாதி அரசு தந்த சலுகை. சொத்துரிமை விஷயத்தில் இந்தச் சங்கம் எவ்வளவு உறுதியானது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சான் டியேகோ அணி, மறைந்த மெக்டொனால்ட்ஸ் அதிபரின் மனைவி ஜோன் கிராக்கின் கையில் இருந்தபோது, அதை நகராட்சிக்கே தானமாகத் தரவும், நடத்தப் பணம் தரவும் முன்வந்தார். மற்ற முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 1990-ல் விற்றுவிட்டார். தன் சொத்தை எடுத்துக்கொண்டு ஓட உரிமை உண்டு. ஊருக்கே கொடுக்கத்தான் உரிமை இல்லை.

அணிகள் எப்போதும் இடம் மாறிக்கொண்டுதானே இருந்தன, ஓக்லாந்தே கான்சஸ் சிட்டியிடம் பறித்ததுதானே என்பார்கள். மறுக்க முடியாத உண்மை. ஓக்லாந்து ரசிகர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் மௌனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய கதைகளின் அடுத்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டும். 1958-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும் ஒரே சமயத்தில் கலிபோர்னியாவுக்குப் போனபோது, வழக்கறிஞர் வில்லியம் ஷே மூன்றாவது லீக் ஒன்றையே தொடங்கப்போவதாக அறிவித்தார். அந்த லீக் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனாலும் பயந்துபோன பழைய லீக்குகள் 60 ஆண்டுகளாக 16-லேயே வைத்திருந்த அணிகளின் எண்ணிக்கையைப் பெருக்கின; 1962-ல் நியூயார்க்குக்கு மெட்ஸ் வந்தது. கான்சஸ் சிட்டி 1967-ல் அணியை இழந்ததும், மிசூரி செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் அந்த 1922 விலக்கில் கை வைப்பேன் என்றார். 1969-லேயே அங்கே ராயல்ஸ் ஆடியது. சியாட்டில் தன் அணியை ஒரே பருவத்தில் இழந்து வழக்குப் போட்டது. 1977-ல் மேரினர்ஸ் கிடைத்தது. கூடுதல் அணிக்கு இடமில்லை, ஆட்டத்தரம் குறைந்துவிடும் என்றெல்லாம் சொல்லப்படுவது, ஏகபோகத்தின் மேல் கை விழும்போது மட்டும் மறந்துபோகிறது.

பூட்டில்லாத ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு லண்டனுக்குப் போகலாம். விம்பிள்டன் கால்பந்து அணியை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002-ல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று ஓர் அணியைத் தொடங்கினார்கள். அடிமட்டத்திலிருந்து படிப்படியாக ஏறி 2011-ல் தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள். பழைய இடமான பிளவ் லேனுக்கே 2020-ல் திரும்பினார்கள். ஓக்லாந்திலும் அதே துடிப்பு உண்டு. பாலர்ஸ் என்ற சிறிய அணி 2024-ல் மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பார்க்கில் ஆடத் தொடங்கியது. ரசிகர்கள் பணம் போட்டுப் பங்குதாரர்கள் ஆனார்கள். இரண்டாம் ஆண்டிலேயே பயனியர் லீக் கோப்பையை வென்றார்கள். அடுத்த படி? இல்லை. பயனியர் லீகை நூறு ஆண்டு தொடர்ந்து வென்றாலும் பாலர்ஸ் பயனியர் லீகில்தான் ஆடும்.

அத்லெடிக்ஸ் இப்போது இருப்பது சாக்ரமென்டோவின் எதிர்க்கரையில். லாஸ் வேகாஸ் மைதானம் தயாராகும்வரை அங்கே சுமார் 14,000 பேர் கொள்ளும் சிறிய மைதானத்தில் தற்காலிகமாக ஆடுகிறது. மைதானம் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவேவுக்குச் சொந்தம். அதில் ஏற்கெனவே குடியிருப்பது ஜயண்ட்ஸின் கீழ்நிலைத் துணை அணி. சான் ஹோசேவுக்குள் விடாத அதே ஜயண்ட்ஸ். முதல் பருவத்தில் அந்தச் சிறிய இடமும் நிரம்பவில்லை. சராசரி வருகை 10,000-ஐத் தொடவில்லை. அணியின் பெயரில் இப்போது ஊர் இல்லை, வெறும் அத்லெடிக்ஸ். சட்டையின் ஒரு கையில் சாக்ரமென்டோவின் பாலம், இன்னொரு கையில் லாஸ் வேகாஸ்.

லீகின் கமிஷனர் ராப் மன்ஃபிரட், 2029 ஜனவரியில் தான் ஓய்வு பெறுவதற்குள் புதிதாக இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து அணிகளை 32 ஆக்கிவிட வேண்டும் என்று சொல்லிவருகிறார். நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி, போர்ட்லாந்து என்று பேர்கள் அடிபடுகின்றன. ஒவ்வொன்றும் நிலம் பார்த்து, கூட்டமைப்பு அமைத்து, மைதானப் படம் வரைந்து காத்திருக்கிறது. அவற்றில் இரண்டு நிரம்பிவிட்டால் எஞ்சிய ஊர்கள் இருக்கின்றன. அவற்றோடு இனி, 46,889 பேர் கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்ற, பேஸ்பால் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாத ஓர் ஊரும் காலியாக இருக்கிறது. வேறெங்கோ ஒரு மேயரிடம் மைதானத்துக்குப் பணம் கேட்கும் அடுத்த முதலாளி, வரைபடத்தில் ஓக்லாந்தின் மேலும் விரலை வைக்கலாம்.